சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்

கடந்த வாரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பிள்ளை. மருத்துவமாதுப் பயிற்சியில் இருக்கிறாளாம். எனக்கும் அதே வேலைதான் என்று தெரிந்ததும் கேட்டாள்: "அக்கா, நாம ஒரு மிட்வைஃப்னு உங்களுக்கு எப்ப இருந்து தோணுச்சுங்க?"

நல்ல கேள்வி! யோசிப்பதற்குள் அவள் இறங்கவேண்டிய பலாபத்வல வந்துவிட்டது... இறங்கிப் போய்விட்டாள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

பயிற்சியின் கடைசி மாதங்களில் என்னை எல்கடுவைப் பக்கம், நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்துக்கே அனுப்பினார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிரசவத்தைப் பற்றி என்ன தெரியும் என்று லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேரி மட்டும்தான், "வந்துட்டாடி பெரிய டொக்டரு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பள்ளிக்கூடச் சிநேகிதி. அப்போது அவளுக்கு எட்டு மாதம்.

பிரஷர் பார்த்தேன். கூடுதல். மறுபடி பார்த்தேன். மூன்றாவது தடவையும் பார்த்தேன் — சிநேகிதி என்றால் மெஷின் குறைத்துக் காட்டுமா என்ன? முகம் வேறு வீங்கியிருந்தது.

"யாருகிட்டயும் சொல்லிறாதடி. வார்டுல போட்டுருவாங்க. அவரு கொழும்புல. சின்னவள யாரு பாத்துக்குவா? சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

லயத்துப் படி இறங்கும் வரைதான் அது தாங்கியது. கீழே எனக்குப் பொறுப்பான மூத்த மருத்துவமாது நின்றிருந்தார். சொன்னால் மேரி என்னை மன்னிக்கமாட்டாள். சொல்லாவிட்டால்? மேரியே இருக்கமாட்டாள். அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

தோட்டத்து வேன் வந்தது. மேரி என்னைப் பார்க்காமலே ஏறினாள். பக்கத்து வீட்டுக்காரியின் இடுப்பில் இருந்தபடி அவள் மகள் கத்திய கத்தல்... அப்பப்பா!

தாய்க்கும் ஆபத்தில்லை, பிள்ளைக்கும் ஆபத்தில்லை. ஆண் குழந்தை. வீட்டுக்கு வந்த மறுநாள் பார்க்கப் போனேன். எப்படியும் திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

மேரி உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். "உக்காருங்க மிஸ்ஸி. புள்ளைய பாருங்க."

மிஸ்ஸி! தோட்டத்தில் மருத்துவமாதுவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. திட்டியிருந்தால் காலைப் பிடித்துக் கெஞ்சியிருப்பேன். மரியாதை கொடுப்பவளிடம் எதைச் சொல்லிக் கெஞ்சுவது? குழந்தையை மடியில் வாங்கினேன். தொப்புளைப் பார்த்தேன், நிறையை அட்டையில் எழுதினேன். தாய்ப்பால் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொன்னேன். "சரிங்க மிஸ்ஸி" என்றாள்.

அன்றைக்குத்தான், பஸ்ஸில் கேட்ட தங்கச்சி, நான் மருத்துவமாது ஆனேன். "அடியே" என்று என்னைக் கூப்பிட அந்தத் தோட்டத்தில் இப்போது ஒருத்தியும் இல்லை.