இருபது தேசத்துச் சாமான்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, நானும் அதை விட்டுவிட்டேன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குக் குத்துமதிப்புதான். தப்பு இருந்தால் திருத்திக்கொண்டு வாசிக்கவும். கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள்தான் "அந்தக் கலியாண வீட்டுக் கதையைச் சொல்லுங்கண்ணே" என்று விடாமல் கேட்டீர்கள். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மடிந்துகொள்ளும். காகிதம் முகத்தைப் பார்க்காது. அதனால் எழுதுகிறேன்.

1. பெட்டி உடைக்கிற வேலை

நான் ஒக்கூர்க்காரன். கண்மாய் காய்ந்து, விதைத்தது முளைக்காமல் போன வருஷம் காரைக்குடிக்கு வந்து இந்தச் சீமைச் சாமான் கடையில் சேர்ந்தேன். முதல் நாள் முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன படிச்சிருக்க?"

"மூணாவது."

"ஆச்சிமார் வந்தா பேசுவியா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"பேசமாட்டான் போல. நல்லது. பின்கட்டுல பெட்டி உடைக்கப் போடுங்கப்பா."

கப்பலில் வரும் மரப்பெட்டியை ஆணி பிடுங்கித் திறந்து, உள்ளே சாமான் உடையாமல் இருக்க அடைத்திருப்பதை உருவிப்போட்டு, கோப்பை கோப்பையாக வெளியே எடுக்க வேண்டும். ஜப்பான் பெட்டியில் நெல் வைக்கோல் இருக்கும். அதை முதலாளி வீட்டு மாடு ருசித்துத் தின்னும். ஜெர்மனிப் பெட்டியில் மரம் இழைத்த சுருள் இருக்கும். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் கற்ற பூகோளம் இவ்வளவுதான்.

2. கரையான் விட்டுவைத்த உலகம்

உங்களில் வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இங்கே நகரத்தார் வீட்டுக் கலியாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான் அத்தனையையும் பெரிய ஹாலில் வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பார்கள். ஊரும் வந்து பார்க்கும். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் அடுத்த கலியாணம் வரை அதையே பேசும்.

அந்த வருஷம் வள்ளியம்மை ஆச்சி (நகரத்தார் வீட்டுப் பெண்களை இங்கே ஆச்சி என்போம்) தன் மகள் கலியாணத்துக்குச் சாமான் எடுக்க வந்தார்கள். நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்கள்.

"எங்க சிகப்பி இருக்காளே, எங்க வீட்டுக் கொழுந்தனார் பொண்டாட்டி. போன வருசம் அவ மக கலியாணத்துல பதினெட்டு தேசத்துச் சாமான் பரப்புனா. இன்னும் அதையே சொல்லிக்கிட்டுத் திரியுறா. எனக்கு இருபது தேசம் வேணும்."

"இருபது என்ன ஆச்சி, இருபத்திரண்டா வச்சிருவோம்" என்றார் முதலாளி.

"வேணாம். ரொம்ப வச்சா பெருமைக்கு வச்ச மாதிரி இருக்கும்."

ஆச்சி போன பிறகு முதலாளி அலமாரியைச் சுற்றி வந்தார். எப்படிக் கூட்டினாலும் கடையில் ஏழு தேசந்தான் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து பூகோளப் படப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். அதில் ஆப்பிரிக்கா முழுவதையும் கரையான் தின்றிருந்தது. அமெரிக்காவில் பாதி போயிருந்தது. மிச்சமிருந்த தேசங்களைப் பொறுக்கி அவர் சாமான்களுக்குப் பெயர் சூட்ட ஆரம்பித்தார். ஒரே ஜப்பான் பெட்டியிலிருந்து வந்த கோப்பைகளில் பச்சைப் பூப் போட்டது நார்வே ஆனது. சிவப்புப் பூப் போட்டது போர்த்துக்கல். பூவே இல்லாதது டென்மார்க்.

"முதலாளி, அடியில அச்சடிச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"இங்கிலீசுலதானடா இருக்கு? ஆச்சிமார் கவுத்தி வச்சா படிக்கப் போறாக?"

சாமானோடு கடையிலிருந்து ஒரு ஆள் போய் நின்று, எது எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். கல்லாவுக்கு முன்னால் நின்று விற்கிறவர் அதற்கென்றே பிறந்த வாய்க்காரர். கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவர் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். முதலாளியின் பார்வை பின்கட்டுப் பக்கம் திரும்பியது.

"கருப்பையா, நீ போ. பேரை மட்டும் சொன்னா நம்ப மாட்டாக. ஊருக்கு ஒரு சங்கதி சேத்துச் சொல்லு. மாப்பிள்ளை வீட்டுல வேணாம்னு சொன்னா, அந்தச் சாமான நான் திரும்ப எடுத்துக்கிறணும். ஆச்சி கிட்ட அப்படித்தான் ஒத்துக்கிட்டிருக்கேன். ஒரு கோப்பை திரும்பி வந்தாலும் நீ அப்படியே ஒக்கூருக்கு நடையைக் கட்டு."

ஒக்கூரில் என் சம்பளத்தை வைத்துத்தான் அடுப்பு எரிந்தது. அதனால் சங்கதிகளை மனப்பாடம் செய்தேன். சென்னையிலிருந்து வரும் ஏஜெண்டு முன்பு சொல்லிவிட்டுப் போனவற்றை முதலாளி எனக்குச் சொன்னார். ஹாலந்தில் ஊர் கீழே, கடல் மேலே. ஸ்விட்சர்லாந்துக்காரனுக்குக் கடலே கிடையாது. ருஷ்யாவில் ஒரு கோடியில் விடியும்போது மறு கோடியில் முந்தின நாள் சாயங்காலம். ஆஸ்திரேலியாவில் நமக்கு மார்கழிக் குளிர் அடிக்கும்போது வெயில் கொளுத்தும். இதையெல்லாம் மாட்டிடம் சொல்லிப் பார்த்தேன். மாடு மறுப்புச் சொல்லவில்லை.

3. உமையாள் ஆச்சியின் கேள்வி

ஹால் நிறையச் சாமான். நடுவில் நான், கழுத்து வரைக்கும் பித்தான் போட்ட சட்டையில். அது காய்ச்சலில் படுத்திருந்தவரின் சட்டை. முதலாளி ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கு முன்னால் மாப்பிள்ளையின் அத்தை உமையாள் ஆச்சி வந்தார்கள். அவர்கள் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம். ஓரமாக நின்று சிகப்பி ஆச்சி விரல் மடக்கித் தேசம் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தத் தண்ணிக் கூசா எந்த ஊரு?" என்றார்கள் உமையாள் ஆச்சி.

"ஹாலந்து ஆச்சி" என்று தரையிடம் சொன்னேன். "அங்க ஊரு பள்ளத்துல இருக்கும், கடலு மேட்டுல இருக்கும். காத்தாடி வச்சுத் தண்ணிய இறைச்சு வெளிய விடுவாக."

"அடியாத்தீ! நம்ம ஊருக்கும் நாலு காத்தாடி வாங்கிப் போடணும்."

"இறைக்கிறதுக்கு இங்க தண்ணி எங்குட்டு இருக்கு அத்தை?" என்று ஒரு பெண் கேட்கவும் ஹாலே சிரித்தது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அடுத்தது பச்சைக் கோப்பை.

"இது நார்வே ஆச்சி. அங்க வடகோடியில கோடை வந்துட்டா ராத்திரியிலயும் சூரியன் மறையாது."

ஆச்சியின் சிரிப்பு நின்றது.

"மறையாதா? அப்ப விளக்கு எப்ப வைப்பாக?"

எனக்குத் தெரியவில்லை. ஏஜெண்டு அதைச் சொல்லவில்லை.

"சரி, அந்த ஊருல நம்ம முருகன் கோயில் இருக்கா?"

"இல்லை ஆச்சி."

"நம்மவுக யாராச்சும் கடை வச்சிருக்காகளா?"

"இல்லை ஆச்சி."

"போர்த்துக்கல்ல?"

"இல்லை ஆச்சி."

ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று நகரத்தார் எங்கே கொடுக்கல் வாங்கலுக்குப் போனாலும் முதலில் ஒரு கோயிலைக் கட்டிவிடுவார்கள். அவர்கள் கணக்கில் கோயில் இருந்தால்தான் அது ஊர். மற்றதெல்லாம் வெறும் தரை. கரையான் தின்ற புத்தகத்தைப் பார்த்துப் பெயர் வைத்த எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை.

"விளக்கு வைக்க நேரமில்ல, கோயிலும் இல்ல. அந்த ஊருச் சாமானா நம்ம வீட்டுக்குள்ள வாரது? எடுத்து வெளிய வைங்க" என்றார்கள் உமையாள் ஆச்சி.

பச்சைக் கோப்பைகள் வாசற்படிப் பக்கம் போயின. பின்னாலேயே சிவப்புக் கோப்பைகள். அப்புறம் ஹாலந்துக் கூசா. சிகப்பி ஆச்சி மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீட்ட ஆரம்பித்தார்கள். வள்ளியம்மை ஆச்சி என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள்:

"அட, ஒண்ணுலயாச்சும் ஒரு சின்னக் கோயில் இருக்கும்ல? நல்லா யோசிச்சுச் சொல்லு!"

தூணைப் பார்த்தேன். முதலாளி தூணோடு தூணாகிவிட்டார். இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நார்வே விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு வாய் வந்தது, ஏனென்றால் நார்வேயை எனக்குத் தெரியாது. முருகனைத் தெரியும். அங்கே வாய் வரவில்லை.

வாசலில் கோப்பைகள் குவியக் குவிய, நான் ஒக்கூர் ரஸ்தாவில் நடந்துகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. அந்தப் பயத்தில் வாய் தானாகத் திறந்தது.

"ஆச்சி, இதெல்லாம் நேரா வரலை."

"நேரா வரலைன்னா? களவாண்டு கொண்டாந்தீகளா?"

"இல்ல ஆச்சி. ஹாலந்துக் கூசா கொழும்புல இறங்கும். அங்க வேற கப்பல்ல ஏத்தித்தான் தூத்துக்குடிக்கு வரும்."

ஆச்சி கையைக் காட்டி, எடுத்துப் போகிறவர்களை நிறுத்தினார்கள்.

"கொழும்புல எம்புட்டு நாள் கிடக்கும்?"

"ஒரு வாரம், பத்து நாள் கிடக்கும். ஆடி வேல் சமயம்னா ஏத்தி இறக்க ஆளு கிடைக்காது. அதுக்கு மேலயும் கிடக்கும்."

"ஆடி வேலுக்கு அங்கனயா இருந்துச்சு?"

"இருந்திருக்கும் ஆச்சி."

"அப்ப முருகன் ரதத்துல ஊர்வலம் வரும்போது இது கரையில இருந்திருக்கு." ஆச்சி இரண்டு கையாலும் கூசாவைத் தூக்கிப் பார்த்தார்கள். "உள்ள வைங்க. இந்தப் பச்சைக் கோப்பையும் கொழும்புதானா?"

அது ஜப்பான் கோப்பை. வந்தது பினாங்கு, நாகப்பட்டினம் வழி. பினாங்கு என்றுதான் சொன்னேன். அன்றைக்கு அந்தக் கோப்பையைப் பற்றி நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். மாப்பிள்ளை வீட்டில் காலேஜில் படித்த ஒருவர் உடனே முன்னால் வந்தார்.

"என்னப்பா இது? நார்வேயில இருந்து வாரது எதுக்குப் பினாங்கு போயிட்டு வருது?"

உமையாள் ஆச்சி அவர் பக்கம் திரும்பினார்கள்.

"கப்பக்காரனுக்கு அங்க ஆயிரம் சோலி இருக்கும். உன்னக் கேட்டுட்டா போவான்? எங்க வீட்டுக்காரவுகளும் பினாங்குலதான் பதினஞ்சு வருசம் இருந்தாக. அங்க தண்ணீர்மலை முருகன் கோயில் திருப்பணியில நின்னவுக." பச்சைக் கோப்பையைத் தன் முந்தானையாலேயே துடைத்தார்கள். "இது உள்ள வரட்டும்."

அதன் பிறகு ஒரே உத்தரவு. "இங்குட்டுக் கொழும்பு வழி வந்ததை வைங்க. அங்குட்டுப் பினாங்கு வழி வந்ததை வைங்க." சூரியன் மறையாத ஊரையும் கடலுக்குக் கீழே இருக்கிற ஊரையும் யாரும் கேட்கவில்லை. வாசல் வரை போன சாமான் முழுவதும் திரும்பி உள்ளே வந்தது. இருபது தேசமும் இரண்டு வரிசைக்குள் அடங்கிவிட்டது.

சிகப்பி ஆச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"என்ன அக்கா, இருபது தேசம் இருபது தேசம்னீக. கடைசியில ரெண்டு ஊருதானா?"

வள்ளியம்மை ஆச்சி நிதானமாகத் திரும்பினார்கள்.

"ரெண்டுதான். ரெண்டுலயும் கோயில் இருக்குடி. உன் பதினெட்டுல எத்தனையில இருக்கு?"

சிகப்பி ஆச்சி மறுபடியும் விரல் மடக்க ஆரம்பித்தார்கள்.

4. அதற்குப் பிறகு

ஒரு கோப்பைகூடக் கடைக்குத் திரும்பி வரவில்லை. கடைப் படி ஏறும்போது முதலாளி, "அந்தச் சட்டைய நீயே வச்சுக்க. நாளையில இருந்து முன்னால நில்லு" என்றார். சட்டை அவருடையது இல்லை என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாகச் சிகப்பி ஆச்சி வீட்டுக் கணக்கப்பிள்ளை வந்து நின்றார். போன வருஷம் வாங்கிய சாமானெல்லாம் எந்த வழியாக வந்தது என்று ஆச்சி கேட்டுவரச் சொன்னார்களாம். கொழும்பு என்று சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"ஆடி வேலுக்கு முந்தியா பிந்தியான்னு கேக்குறாக."

"வேல் அன்னைக்கே அங்கனதான் கிடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றேன். தலை நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். வியாபாரத்தில் எனக்கு அது முதல் தடவை.

இதிலிருந்து நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: தேசங்களின் பெயரையும் சங்கதிகளையும் படித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் வாங்க வருகிறவர்களுக்கு அவர்கள் மனசுக்குள் வேறொரு பூகோளம் இருக்கும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கரையான்கூட அதைத் தின்ன முடியாது. அவர்கள் வாயிலிருந்து அது வெளியே வரும்வரை பொறுத்திருங்கள். கூச்சப்படுகிறவனுக்குப் பொறுத்திருப்பது சுலபம், வாய்க்காரனுக்குத்தான் கஷ்டம்.

காரைக்குடி,
யுவ வருஷம் தை மாதம் ஒன்பதாம் தேதி.