சம்பந்தி வீட்டுப் பாட்டுப்பெட்டி

சம்பூர்ணம் எதைப் பிரித்து மூட்டினாலும் ஒரு திருகாணியாவது மிச்சம் வரும், அப்படி மிச்சம் வந்தவற்றையே சேர்த்து அவள் ஒரு முழுத் தையல் மிஷின் பண்ணிக்கொண்டுவிட்டாள் என்று கருங்குழியில் ஒரு பேச்சு. இளநீர் விற்கும் செங்கம்மாளுக்கு இதைச் சொன்னது படாளத்தில் இருக்கும் அவள் நாத்தனார். நாத்தனாருக்குச் சொன்னது யாரென்று தெரியாது. சம்பூர்ணத்திடமே கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பாள். "மிச்சம் வந்தா இன்னா? ஓடுதா இல்லியா? அத்த பாரு."

தையல் மிஷின் ரிப்பேர் அவள் தொழில். பல் துலக்கும் பழைய பிரஷ் ஒன்று எப்போதும் கொண்டையில் செருகியிருக்கும். நோயாளி மிஷின் வந்தால் முதலில் காதை வைத்துக் கேட்பாள், பிறகு மிஷினின் சொந்தக்காரியைத் திட்டுவாள், அதற்கப்புறம்தான் ஸ்பேனரை எடுப்பாள். கழற்றிய சாமான்களைப் பழைய வேட்டியில், கழற்றிய வரிசையிலேயே, ரயில் பெட்டிகளைப் போல நிறுத்துவாள். மூட்டும்போது கடைசிப் பெட்டியிலிருந்து பின்னால் வருவாள். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னால் கோபம் வரும். "வேட்டி கீறப்போ போட்டோ எதுக்கு?"

அந்தக் காதுதான் அவளை மாட்டிவிட்டது. மகள் ஜெயப்பிரியாவுக்கும் கூட வேலை பார்க்கும் விஷாலுக்கும் மனசு ஒத்துப்போய், கல்பாக்கத்தில் அவன் வீட்டுக்குப் பேசப் போயிருந்தார்கள். பையன் சரி என்றான், அவன் அம்மா லதா சரி என்றாள். அப்பா பாலசுப்ரமணியன் மட்டும் "பார்ப்போம்" என்றார். அவர் எதற்குமே அப்படித்தான். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாலும் பார்ப்போம் என்பார். அறை மூலையில் அவருடைய அப்பா காலத்து கிராமபோன் ஒன்று, சாவி கொடுத்தாலும் சுற்றாமல், பட்டுத்துணி போர்த்தி இருந்தது. பேச்சு நின்ற இடைவெளியில் சம்பூர்ணம் எழுந்து போய் அதில் காதை வைத்தாள். ஜெயப்பிரியா அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"சம்பந்தி, உள்ள ஸ்பிரிங்கு கட்டி புடிச்சிகினு கீது. என்கிட்ட குடுங்க."

இன்னும் சம்பந்தி ஆகாத பாலசுப்ரமணியனுக்கு இருமல் வந்தது. மறுக்கவும் கூச்சம். பெட்டி கருங்குழிக்கு வந்து சேர்ந்தது.

சம்பூர்ணம் அதுவரை கிராமபோனைத் திறந்து பார்த்ததே இல்லை. "தையல் மிஷினுக்கு ஒண்ணுவுட்ட தங்கச்சி, அவ்ளோதானே" என்றாள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் பிரிக்கும் வீடியோவை ஒலியை அடக்கிவிட்டுப் பார்த்தாள். "வாய் எதுக்கு, கை பேசுது பாரு." பலகையைத் தூக்கினாள், முறுக்கைத் தளர்த்தினாள், ஒவ்வொன்றாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள். பழைய கிரீஸ் கட்டிப் பெருங்காயமாகியிருந்தது. பல்சக்கரங்கள், வேகத்தை அடக்குகிற பித்தளைக் குண்டுகள், டப்பாவுக்குள் சுருண்டிருந்த நீளமான எஃகு ஸ்பிரிங் எல்லாம் பளபளவென்று வேட்டியில் வரிசையாக நின்றன. பாலசுப்ரமணியன் தினமும் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்தவர் போலத் தாழ்ந்த குரலில், "எப்படி இருக்கு?" என்பார். "நாளிக்கு எய்ந்து உக்காந்துரும் சார்" என்பாள் இவள்.

ஆயுத பூஜை அன்று பொரி வாங்க மதுராந்தகம் போய்விட்டுத் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வேட்டியைக் காணோம். தான் ஓட்டும் ஷேர் ஆட்டோவைக் கழுவி மாலை போட்ட கையோடு, புருஷன் ஜெகதீசன் கிராமபோனையும் பூஜையில் வைத்திருந்தார். சின்னது முன்னால், பெரியது பின்னால் என்று பள்ளிக்கூடக் குரூப் போட்டோ மாதிரி சக்கரங்கள் நின்றன. ஒவ்வொரு பல்லிடுக்கிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். எஃகு ஸ்பிரிங் சரஸ்வதி படத்தைச் சுற்றி வளைந்து படுத்திருந்தது, தலையில் ஒரு முழம் கதம்பத்தோடு.

"யோவ்! இன்னா காரியம் பண்ணி வெச்சிகினு கீற?"

"ஆயுத பூஜைக்கு ஆயுதத்த வெக்காம, உன்னியா வெச்சிக் கும்புட சொல்ற?"

"எது எங்கேர்ந்து வந்துச்சின்னு உனுக்குத் தெரியுமா?"

"வேட்டிலேர்ந்து வந்துச்சி."

பூஜையில் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். உலகத்தில் யாரையும் எதிர்த்துப் பேசுகிற சம்பூர்ணம் இதை மட்டும் மீறமாட்டாள். படத்துக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல்கள் மட்டும் காற்றில் திருகாணி முடுக்கின. அந்த நேரம் பார்த்து போன்.

"பூஜைல கீது சார்" என்றாள், வேறு பொய் தோன்றாமல். அது பொய்யும் இல்லை.

அந்தப் பக்கம் பாலசுப்ரமணியன் மூக்கை உறிஞ்சினார். "எங்கப்பாவுக்கு அப்புறம் அதுக்கு யாரும் பூ வைச்சதே இல்லைங்க. நாளைக்கு விஜயதசமி, நல்ல நாள். காலைல நாங்க வர்றோம். அதுல ஒரு பாட்டு கேட்டுட்டு, அப்படியே தாம்பூலம் மாத்திக்கலாம்."

முதல் முறையாக அவர் வாயில் பார்ப்போம் வரவில்லை. ஜெயப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சரஸ்வதியைப் பார்த்தாள். ஜெகதீசன் பொரி தின்றார்.

"பாட்டு வரலன்னா?" என்றாள் ஜெயப்பிரியா.

"வரும்டி. உனுக்குக் கண்ணாலம் ஆவணும்னு வேண்டிகினு வாங்கியாந்த திருவிடந்த கோயில் மாலைய இன்னும் ஆணிலதானே மாட்டி வெச்சிகினு கீறோம். பெருமாளுக்குத் தெரியாதா?" சொன்னவள் குரலில் வழக்கமான மிடுக்கு இல்லை.

விடிந்ததும் கற்பூரத்தை ஒற்றிக்கொண்ட கை நேராக ஸ்பேனருக்குப் போனது. காய்ந்த சந்தனம் கிரீஸை விடப் பிடிவாதமாக இருந்தது. பிரஷ் தேய்ந்து கட்டையானது. புருஷனை எதிரே உட்கார வைத்து விசாரணை.

"இந்தக் குண்டுக்குப் பக்கத்துல இன்னா இருந்துச்சி?"

"தட்டையா ஒண்ணு. சுண்டல் சைசுல."

"தட்டையா எந்த ஊர்லய்யா சுண்டல் கீது?"

கொஞ்சம் நினைவு, கொஞ்சம் வெள்ளைக்காரரின் கை, மீதி குருட்டு யோசனை என்று சக்கரங்கள் ஒவ்வொன்றாக இடம் பிடித்தன. ஸ்பிரிங்கைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள். பயம் என்று சொல்லமாட்டாள். டப்பாவுக்குள் அதைக் கையாலேயே சுற்றுச் சுற்றாகத் திணிக்க வேண்டும். பாதியில் பிடி நழுவினால் மொத்தமும் சீறிக்கொண்டு வெளியே வரும். முதல் தடவை அப்படித்தான் வந்தது. சுண்டல் பாத்திரத்தைக் கவிழ்த்து, ஜெகதீசனின் புது வேட்டியில் ஒரு கோடு போட்டுவிட்டு, வாசற்படியில் போய் நின்று ஆடியது. "அடங்காப்பிடாரி" என்றார் அவர். எதைச் சொன்னார் என்று கேட்க சம்பூர்ணத்துக்கு நேரமில்லை.

விருந்தாளிகளுக்கு வழிகாட்ட ஜெகதீசன் ஜிஎஸ்டி ரோட்டுத் திருப்பத்துக்குப் போனார். ஜெயப்பிரியா பக்கத்து வீட்டில் தலை பின்னிக்கொள்ளப் போனாள். சம்பூர்ணம் டப்பாவை முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு மறுபடி தொடங்கினாள். ஒரு சுற்று, கட்டைவிரலால் ஓர் அழுத்து, மூச்சு. பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. நெற்றியில் பூஜைக் குங்குமம் வியர்வையோடு மூக்கு வரை இறங்கியிருந்தது.

காலடியில் தரையில் கிடந்த போன் அடித்தது. திரையில் "சம்பந்தி" என்று விழுந்தது. கல்பாக்கத்திலிருந்து திரும்பிய அன்றே அப்படிப் பதிந்து வைத்திருந்தாள். திருப்பத்துக்கு வந்துவிட்டார்களா? கிளம்பவே இல்லையா? மறுபடி பார்ப்போமா? எடுத்தால்தான் தெரியும். எடுக்கக் கை வேண்டும்; இரண்டு கையையும் ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருந்தது.

போன் அதிர்ந்து அதிர்ந்து மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை நோக்கி நகர்ந்தது. சம்பூர்ணம் வலது காலை நீட்டி, கட்டைவிரலால் அதை மெல்ல அப்பால் தள்ளினாள். தள்ளிய பிறகுதான் உறைத்தது, கால் பட்டது சம்பந்தியின் பெயர்மேல். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை இல்லை. அடித்துக்கொண்டே இருந்த போனுக்கு முன்னால் தலையை நன்றாகத் தாழ்த்தி ஒரு கும்பிடு போட்டாள். போட்டுவிட்டு அடுத்த சுற்றை அழுத்தினாள்.