வீடில்லாத வரைபடம்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் காகித ஆலைக்கு வெளிநாட்டுக் கழிவுத்தாள் கட்டுக்கட்டாக வரும். பிரித்துக் கூழுக்கு அனுப்புவது என் வேலை. ஒருநாள், பின்பக்கம் துணி ஒட்டிய பழைய வரைபடம் ஒன்று கையில் சிக்கியது. வடக்கே எங்கோ இருக்கும் பனிமலைத் தொடர். நெருக்கமான பழுப்புக் கோடுகளுக்கு நடுவே ஓர் ஆற்றின் பெயரைப் படித்ததும் அதைக் கூழுக்குப் போடாமல் தனியே எடுத்துவைத்தேன். ரோடு போடும் இடத்துக்கு லாரி ஓட்டப்போன என் அண்ணன், லாரியோடு விழுந்த ஆறு அது. லாரி கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கவே கூடாது. எங்கள் ஊர் ஆரம்பாக்கத்தில் ஏறி நிற்க ஒரு குன்றுகூடக் கிடையாது. எங்கள் வீட்டுச் சுவரில் மட்டும் மலைத்தொடர். அம்மா அதன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். காற்றில் தாள் அசைந்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள்.

“ஃபேன நிறுத்துடா. அவனுக்கு ஏற்கெனவே அங்க குளுரு.”

அக்னி நட்சத்திரத்தில் அம்மா, அண்ணி, நான் மூன்று பேரும் வெந்துபோனோம். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஒரு மதியம் அந்தத் தாளைத் தொட்டபோது என் விரலும் சில்லிட்டது.

அண்ணிதான் வாய்திறந்தாள். “வருவாரா, வரமாட்டாரான்னு எத்தினி நாளு அத்தே இருக்கிறது? ஒரேயடியா அழுது தீக்கக்கூட முடியல எனக்கு.”

மறுநாள் காலை அம்மாவே வரைபடத்தைச் சுவரிலிருந்து எடுத்தாள். “அவன் கீறது இதுலதான. இத வெச்சிப் பொதைச்சிடுங்க.”

இடுகாட்டில் குழி வெட்டியாயிற்று. பொம்பளைங்க வரக்கூடாது என்றவர்களை அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரைபடத்தை மடிக்கப்போன என் கையைப் பிடித்தாள்.

“ஆத்தோரம் ஒரு ஊடுகூட இல்லியேடா. ஒண்ணு போடு.”

ஆலையில் கட்டுகளுக்கு நம்பர் எழுதும் மார்க்கர் சட்டைப்பையில் இருந்தது. நாலு கோடு, மேலே கூரை, ஒரு கதவு. தாள் பறக்காமல் அண்ணி இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டாள். மடித்துக் குழியில் வைத்தேன்.

“கதவு சாத்திக்கினு கீதா?” என்றாள் அம்மா.

மறுபடி எடுத்துப் பிரித்தேன். கதவைத் திறந்த மாதிரி வரைந்தேன். மை காய்வதற்காக அண்ணி குனிந்து ஊதினாள். அழுதுகொண்டே ஊதினாள். பிறகுதான் மண்ணைத் தள்ளினோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவே ஃபேனைப் போட்டாள்.