மரவள்ளிக்கு நடுவே ஒரு குழி

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. காலையில் மரவள்ளிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று இருமினாள், ஓங்கரித்தாள். வாயிலிருந்து ஒரு புழு வந்து விழுந்தது. வெளிறிய நிறம், ஒரு சாண் நீளம். தரையில் கிடந்து நெளிந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. படிப்பவர்களுக்கு அருவருப்பாக இருந்தால் இருக்கட்டும். என் பிள்ளையின் வயிற்றுக்குள் அது குடியிருந்தது.

ஜப்பான்காரன் காலம் அது. காலாங் ஆற்றங்கரையில், கூலிக்காரர்களுக்காகக் கட்டிய நீண்ட கொட்டகையில், பன்னிரண்டு குடும்பங்கள் ஆளுக்கோர் அறையில் இருந்தோம். என் வீட்டுக்காரரை ரயில் பாதை போட சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பெரும்பாலான அறைகளில் பெண்களும் பிள்ளைகளும்தான். கரை நெடுக மரவள்ளியும் கீரையும் போடும் வேலை எங்களுக்கு. கூலியாக அரிசி, அதுவும் அளந்து.

முன்பெல்லாம் கக்கூஸ் வாளிகளை எடுக்க வண்டி வரும். இப்போது வந்தால் உண்டு. வாளி நிரம்பி வழிந்தால் அதைக் கீரைப் பாத்தியில் ஊற்றச் சொல்வார் மண்டோர், அதாவது எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி. பிள்ளைகள் ஆற்றோரம் ஒதுங்கினார்கள். அதே சேற்றில்தான் நாங்கள் வெறுங்காலோடு நின்று களை எடுத்தோம். உள்ளங்கால் அரித்துக்கொண்டே இருக்கும். கரை ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். உட்கார்ந்தால் மண்டோர் கத்துவார்.

"சோம்பேறிக் கழுதைங்களா! பாதி அரிசிதான் இனிமே உங்களுக்கு!"

சொன்னபடி பாதியாக்கினார்.

புழு விழுந்த அன்று வேலைக்குப் போகவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சிராங்கூன் சாலை வழியே தேக்கா வரை நடந்தேன். அங்கே ஒரு சின்ன மருந்தகத்தில் யாழ்ப்பாணத்து டிரெசர் ஒருவர், டாக்டருக்கு உதவியாக மருந்து கொடுப்பவர், இருந்தார். பிள்ளையின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே என் கீழிமையையும் இழுத்துப் பார்த்தார்.

"பிள்ளைக்கு நாக்குப்பூச்சி. உமக்குக் கொக்கிப்புழு. உம்முடைய ரத்தத்தை அது குடிச்சுக்கொண்டிருக்கு. அதுதான் மூச்சு வாங்குது."

"அப்ப நான் சோம்பேறி இல்லைங்களா, ஐயா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆர் சொன்னது அப்படி?"

மருந்தையெல்லாம் பட்டாளம் எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். மிச்சமிருந்த கொஞ்சத்தைப் பிள்ளைக்குக் கொடுத்தார். எனக்கு இல்லை. "இது போனாலும் திரும்ப வரும். ஆழமாக் குழி வெட்டி எல்லாரும் அதிலயே போங்கோ. பச்சைக் கழிவைக் கீரைக்கு ஊத்தாதேங்கோ. காலுக்கு ஏதாவது போடும்" என்றார்.

மருந்து குடித்த மகள் எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று அழுதாள்; அந்த மருந்து அப்படித்தானாம். மறுநாள் புழுக்கள் கொத்தாக வந்தன. ஒன்று விடாமல் எடுத்து ஒரு பால் டின்னில் போட்டேன். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில், எல்லாப் பெண்களும் பார்க்க, மண்டோரின் மேசையில் அந்த டின்னை வைத்தேன். எட்டிப் பார்த்தவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"என்ன புள்ள இது, கருமம்!"

"எம் புள்ள வயித்துல இருந்துச்சு. நீங்க ஊத்தச் சொன்ன கீரையில இருந்து வந்தது. என் வயித்துல இருக்கிறது வேற சாதி, அது ரத்தம் குடிக்குது. நாங்க சோம்பேறிங்க இல்ல, மண்டோரே. எங்க அரிசியைக் குடுங்க. இனிமே வாளியப் பாத்தியில ஊத்த மாட்டோம்."

"ஜப்பான்காரன் காதுல விழுந்தா தலை இருக்காது லா!"

"உங்க காதுல விழுந்துச்சில்ல, அது போதும்."

பெண்கள் யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. வெயில் ஏறும்வரை அப்படியே நின்றோம். கடைசியில் அரிசியை முழுசாகத் தருவதாகச் சொன்னார். குழிக்கு மட்டும் இடம் தரவில்லை. ஒரு முழ நிலம்கூட மரவள்ளிக்குத்தான் என்பது உத்தரவாம்.

அதனால் முதல் குழியை ஆற்றோரம், யாருக்கும் வேண்டாத சேற்றில் வெட்டினோம். கடல் பொங்கி ஆற்றில் தண்ணீர் ஏறியபோது அடியிலிருந்து தண்ணீர் ஊறி, உள்ளே இருந்ததெல்லாம் மிதந்து முற்றத்துக்கே வந்துவிட்டது. மண்டோர் சிரித்தார்.

அந்த வாரம் பக்கத்து அறைக்காரியின் மகனுக்கு வயிறு கல்லாக இறுகியது. நான்கு வயது. புழுக்கள் பந்தாகச் சுருண்டு குடலை அடைத்திருந்தன. டிரெசரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியிலேயே அவள் தோளில் பிள்ளை அடங்கிப் போனான். திரும்பி வரும்போது அவள் அழவில்லை. கொட்டகைக்கு வந்து பிள்ளையைக் கிடத்தினாள். எங்களைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"மேடு எங்க இருக்கு?"

மேடு என்றால் மரவள்ளிக் கொல்லைதான். தண்ணீர் ஏறாத இடம் அது ஒன்றே. அடக்கம் முடிந்த மறுநாள், பட்டப்பகலில், நெஞ்சுயரம் வளர்ந்த செடிகளுக்கு நடுவே வெட்டத் தொடங்கினோம். மண்டோர் கத்தினார். செத்த பிள்ளையின் தாய் மண்வெட்டியோடு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் போய்விட்டார். இரண்டு ஆள் ஆழம் வெட்டினோம். குறுக்கே பலகை, பலகைக்கு மூடி. போனபின் தூவக் கைப்பிடிச் சாம்பல் எப்போதும் பக்கத்தில்.

பத்து நாளில் ஜப்பான் அதிகாரி தோட்டம் பார்க்க வந்தான். செடிகளுக்கு ஊடே நாங்கள் மிதித்த தடம் அவனைக் குழிக்கே கொண்டுவந்து விட்டது. யார் வெட்டியது என்று மலாயில் கேட்டான். நான் முன்னால் போய்க் குனிந்து வணங்கினேன். "சாச்சிங்" என்றேன். மலாயில் புழு. வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். கன்னத்தில் அறைந்தான். காது விண்ணென்றது. மறுபடியும் "சாச்சிங்" என்றேன். மறுபடியும் அறைந்தான். மூடச் சொல்லிவிட்டுப் போனான்.

"போதுமா? மூடுங்க" என்றார் மண்டோர்.

மூடினோம், தடத்தை மட்டும். கொல்லையின் கோடியிலிருந்து வேரோடு பிடுங்கிய செடிகளைத் தடத்தில் நட்டுத் தண்ணீர் ஊற்றினோம். கொட்டகையின் பின்புறமிருந்து குனிந்து போக வேறு வழி வைத்தோம். அதிகாரி மறுபடி வந்தபோது நெடுக மரவள்ளிதான் தெரிந்தது. குழி மூடியாயிற்றா என்று மண்டோரைக் கேட்டான். மண்டோர் எங்களைப் பார்த்தார். பிறகு அவனிடம், ஆயிற்று என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்டதில்லை, நன்றியும் சொன்னதில்லை.

கட்டையில் டயர் வார் அடித்துச் செருப்பு செய்துகொண்டோம். கீரையைக் கொதிக்கவைக்காமல் யாரும் வாயில் வைக்கவில்லை. என் உடம்புப் புழு மட்டும் போகவில்லை. முருங்கைக்கீரையைத் தின்று, மூச்சு வாங்க வாங்க, மிச்ச காலத்தையும் வேலை செய்தே கழித்தேன். அதன் பிறகு அந்தக் கொட்டகையில் வயிறு அடைத்து ஒரு பிள்ளையும் சாகவில்லை.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். என் வீட்டுக்காரர் வரவில்லை. எனக்கு மருந்து கிடைத்தது. ஒரு நாள் சுகாதார அதிகாரி ஒருவர் பேனாவும் புத்தகமுமாக வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு குழியைச் சுற்றிப் பார்த்தார். தமிழர்தான்.

"இதுக்கு யாரு பர்மிஷன் குடுத்தா?"

"யாருகிட்டயும் கேக்கலைங்க. ஜப்பான்காரங்கிட்டயும் கேக்கல."

"இது சட்டத்துக்கு விரோதம்மா. மூடிடணும்."

"நல்ல கக்கூஸ் கட்டிக் குடுங்க, அன்னைக்கே மூடுறோம். அதுக்கு முன்னாடி யாரு வந்து சொன்னாலும் மூட மாட்டோம்."

என் மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று தெரியாது. அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. கக்கூஸ் கட்டச் செங்கல் வந்து இறங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை எங்கள் குழி இருந்தது.