ஸ்டாருக்காக வெட்டிய மாமரம்

மாமரத்தை எப்போது கவாத்து செய்யலாம் என்று யார் கேட்டாலும் என் கணவர் யோசிக்காமல் சொல்வார்: "கடைசிப் பழம் இறங்கினதும் ஆடியில வெட்டணும். விட்டுட்டா அடுத்த ஆடி வரைக்கும் கை வைக்கக் கூடாது." கிளை நுனியில்தான் மா பூக்கும், மழைக்காலத்தில் நுனியை வெட்டினால் தைப் பூவையே வெட்டின மாதிரி என்பார். பள்ளிக்கூட வாத்தியார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்தத் தெரியாது.

போன வருஷம் ஜூனில், மரத்தில் பாதிப் பழம் இருக்கும்போதே போய்விட்டார். அந்த ஆடியில் ரம்பத்தை யாரும் தொடவில்லை. வருஷ நினைவு ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கு அவர் மரத்துப் பழத்தையே கொடுக்க வேண்டும், அது ஒன்றுதான் என் ஆசை.

டிசம்பரில் சேலையூரில் எங்கள் தெரு முழுக்க கிறிஸ்துமஸ் ஸ்டார் ஏறியது. துக்க வீட்டில் அந்த வருஷம் கட்ட மாட்டோம். என் கொழுந்தனாருக்கு மனசு கேட்கவில்லை. நான் சர்ச்சுக்குப் போய்த் திரும்புவதற்குள் மாடியில் ஸ்டாரைக் கட்டி, அது தெருவுக்குத் தெரிய வேண்டும் என்று மரத்தை மொட்டையடித்திருந்தார்.

"அண்ணன் வீடு இருட்டா இருக்கக் கூடாது அண்ணி," என்றார். கண் கலங்கியிருந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டோம். அன்று எனக்கு அதுதான் வாய்வரை வந்தது. "ஜெபத்துக்குன்னு நினைச்சிருந்த பழம் போச்சு தம்பி," என்று கத்திவிட்டேன். அவர் முகம் செத்துவிட்டது.

தையில் தெருவெல்லாம் மாம்பூ வாசனை. எங்கள் மரத்தில் ஒரு கொத்துகூட இல்லை. அதன் அடியில் நின்று அழுதேன்.

ஜெபத்தன்று கொழுந்தனார் படப்பையிலிருந்து ஒரு கூடை பங்கனப்பள்ளி வாங்கி வந்து சமையலறையில் வைத்தார். சாப்பாடு முடிந்ததும் நறுக்கிக் கொடுத்தோம். என் கணவரோடு வேலை பார்த்த பொழிச்சலூர் வாத்தியார் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "சார் மரத்துப் பழமா? அதே ருசி!" என்றார். கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா சார், அவர் மரம்தான்," என்றேன். ஜெபம் பண்ணின வாயால் பொய். கர்த்தர் மன்னிக்கட்டும்.

ஆடி பிறந்ததும் கொழுந்தனாரை வரச் சொல்லி, அண்ணனின் ரம்பத்தை அவர் கையில் கொடுத்தேன். "இப்ப வெட்டுங்க தம்பி."

ஒவ்வொரு கிளையிலும் ரம்பத்தை வைத்துவிட்டு, "இதுவா அண்ணி?" என்று கேட்டுக் கேட்டு வெட்டினார்.