சம்பந்தியம்மாவுக்கு இடுப்பு வலி

பிரசவ வார்டில் அந்த நர்ஸுக்கு வெண்கலத் தொண்டை என்று பெயர். கட்டில் பக்கத்தில் நின்று நின்றே தலை நரைத்தவள். கை பஞ்சு மாதிரி. ஊசி போட்டதே தெரியாது. வாய்தான் ஊரைக் கூட்டும். "இந்தாம்மா, காலை மடக்கு! கத்தாத!" என்று அவள் போடும் சத்தத்தில், வெளியே பெஞ்சில் காத்திருக்கும் கணவன்மார்களும் காலை மடக்கிக்கொள்வார்கள்.

புகார்கள் சேர்ந்துபோய், கர்ப்பிணிகளிடம் எப்படிப் பேசுவது என்று பயிற்சி வைத்தார்கள். தேறாதவர்களுக்கு ஆஸ்பத்திரித் துணிக்கிடங்குக்கு மாற்றல்தான் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு அங்கே என்ன வேலை? போர்வைகளை எண்ணலாம், திட்ட முடியுமா?

பயிற்சியில் மூன்று விதி: தொடுமுன் கேட்க வேண்டும், நோயாளி பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தேறினாளா என்று சொல்லப்போவது, கூலிக்கு நோயாளியாக நடிக்க வந்தவள்.

தேர்வு நாளில், இளம்பெண்ணான பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, கட்டிலைச் சுற்றிய திரையை விலக்கினாள். வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தது அவளுடைய சம்பந்தியம்மா, மகளின் மாமியார். கல்யாணத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

"வணக்கம்மா. வயித்தைத் தொட்டுப் பாக்கலாமா?"

"வேணாம்."

"சரிங்க. என்ன கஷ்டம்னு சொல்றீங்களா?"

"சொல்றேன். கல்யாணத்துல போட்டோ எடுக்கையில 'நகருங்க, நகருங்க'ன்னு தள்ளினீங்க. பிள்ளையைப் பெத்தவ நான். ஆல்பத்துல என் முழங்கைதான் இருக்கு."

'வெளிச்சத்தை மறைச்சிட்டு நின்னது யாரு?' என்ற கேள்வி பல்வரைக்கும் வந்துவிட்டது. பயிற்சியாளர் விரலை உயர்த்தினார். அவள் விழுங்கிக்கொண்டாள்.

"பாக்குறவங்கல்லாம் இது யாரு கைன்னு கேக்குறாங்க. ஆ... வலிக்குதே!" நடிப்பு ஞாபகம் வந்து சம்பந்தியம்மா முனகினாள்.

நர்ஸ் தலையை மட்டும் ஆட்டினாள். சண்டைக்குத் தயாராக வந்த சம்பந்தியம்மாவுக்கு அது பெரிய ஏமாற்றம். "அன்னிக்கு உங்க பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்னுதான் வந்தேன்" என்றாள், குரல் இறங்கி.

வெண்கலத் தொண்டை குரலைத் தணித்தாள். "பக்கத்துல வந்தவங்கள, கட்டிலைத் தள்ற மாதிரி எல்லார் முன்னாலயும் தள்ளிட்டேன். உங்களுக்கு அவமானமா போச்சு." சொன்னதில் பாதி துணிக்கிடங்கு பயத்தில் வந்தது. மீதி எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

"பிரமாதம்! ஆனா பிரசவத்துல போட்டோ எங்கேந்து வந்துச்சு?" என்றார் பயிற்சியாளர்.

"வலி வந்தா பழசெல்லாம் வரும் மேடம். நீங்க சின்னப் பொண்ணு" என்றாள் சம்பந்தியம்மா.

"இவங்க தேறிட்டாங்களா?"

சம்பந்தியம்மா தலையணையைச் சரிசெய்தாள். அவசரமே படவில்லை. "தேறிட்டாங்க. ஆனா மண்டபத்துல எங்களுக்கு ஃபேன் இல்லாத ரூம் குடுத்ததை நான் இன்னும் சொல்லவே இல்ல."

"ஃபேன் இல்லாமலா? சுவிட்ச் எங்க இருக்குன்னு தேடத் தெரியாம—"

பயிற்சியாளரின் விரல் பாய்ந்து உயர்ந்தது.

"விடுங்க மேடம்" என்று சம்பந்தியம்மா எழுந்து உட்கார்ந்து, கட்டிலில் இடம் விட்டாள். "அதான் தேறிட்டாங்கல்ல. இனி பேசட்டும்."