அரைப்பச்சை பெசமினோ

எங்கள் சவாயித் தீவில் இடுப்பிலிருந்து முழங்கால்வரை பச்சை குத்திக்கொள்ளாத ஆணைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். குத்த ஆரம்பித்துவிட்டுப் பாதியில் எழுந்தவனைப் பொறுக்கமாட்டார்கள். பெசமினோ பாதியில் எழுந்தவன்.

தனியாகப் படுத்துக் குத்திக்கொள்ளும் வழக்கம் இங்கே கிடையாது. அவனுக்குச் சோடி நான். பச்சை குத்தும் பன்றிக்கொம்புச் சீப்பு இருவர் தோலிலும் ஒன்றுபோலத்தான் இறங்கியது. என் ரத்தம் நின்றது. அவனுக்கு மறுநாளும் நிற்கவில்லை. ரத்தம் உறையாத நோய், தாய்வழியாக வந்தது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிப் பிழைக்கவைத்து அனுப்பினார்கள். ஊர் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. 'அரைப்பச்சை' என்று பெயர் வைத்துவிட்டது.

அந்த அவமானத்தையே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனான். பெண்கள் சங்கம் கூடும் இடமெல்லாம் நர்ஸோடு போய், இடுப்புத் துணியை மடித்துத் தொடையைக் காட்டுவான்.

"இது பயம் இல்லம்மா, ரத்தத்துல கோளாறு. பல்லு விழுந்தா ரத்தம் நிக்காத பிள்ளை உங்க வீட்டுல இருந்தா, உடனே கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

"வலி தாங்காம ஓடினதுக்கு என்னமா பேரு வைக்கிறான் பாரு," என்று பின்வரிசை சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் துணியை இறக்கிவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுவான்.

எல்லாரையும்விட மோசம் அவன் அக்கா லூசியா. மகன் தானியேலுவின் ரத்தத்தை ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொன்னதற்கு, "என் வயித்துல நோய்னு தம்பட்டம் அடிக்கிறியாடா? நாளைக்கு என் பொண்ணை எவன் கட்டுவான்?" என்று பாய்ந்தாள்.

தானியேலுவுக்கு மாமாமேல் உயிர். அதுவே வினையாயிற்று. "நீங்க விட்டதை நான் முடிக்கிறேன் மாமா. அப்புறம் எவனும் வாயத் திறக்கமாட்டான்," என்றான். பெசமினோ காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். ஆனாலும் அவன் பக்கத்துத் தீவுக்குக் கூட்டங்களுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, பையன் ஒரு சோடியைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான். பாயை விரித்தவளே லூசியாதான். தினமும் ராத்திரி கசிந்த ரத்தத்தைத் துணி சுற்றி மறைத்து, காலையில் மறுபடி சீப்புக்குக் கீழே படுத்திருக்கிறான். முழுசாகவே முடித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செத்தான்.

சாவு வீட்டில் பாதிரியார், "முழு ஆண்பிள்ளை," என்றார். ஊரே தலையாட்டியது. லூசியா தம்பியின் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவனும் பாதியில எந்திரிச்சிருக்கக் கூடாதாடா?" என்றாள்.

அடுத்த கூட்டம் எங்கள் ஊரிலேயே நடந்தது. பெசமினோ துணியை மடித்தான். பின்வரிசையில் சத்தமே இல்லை. அவன் பின்வரிசையைப் பார்த்தான்.

"ஏம்மா, இன்னைக்கு யாருக்கும் சிரிப்பு வரலையா?" என்றான்.